ஸ்டியரிங் இடம் மாறிய கதை: ஆஸ்திரேலியாவுக்குப் போன அமெரிக்க பிக்கப் டிரக்குகள்

ஷோரூமில் இருந்து இறக்கிய புத்தம்புது வண்டியை நேராக ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், டாஷ்போர்டு, ஸ்டியரிங், பெடல், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிப் போடச் சொன்னால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆளுக்குப் புத்தி சரியில்லை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் 2015ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இதையே ஒரு தொழிற்சாலை வேலையாகச் செய்ய ஆரம்பித்தார்கள். வட அமெரிக்காவில் செய்து முடித்துக் கப்பலில் வந்த 'ராம்' பிக்கப் டிரக்குகள் அங்கே பிரிக்கப்பட்டன. இடதுபுறம் இருந்த ஸ்டியரிங் வலதுபுறம் போனது. மறுபடி எல்லாம் பூட்டப்பட்டு, புது வண்டி என்றே விற்பனைக்குப் போனது.

எதற்கு இந்த வேலை? ஒரு பொருளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சுங்கவரி. வரி குறைந்தால் பொருள் வரும், வரி ஏறினால் பொருள் நிற்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அமெரிக்க பிக்கப் டிரக் ஆஸ்திரேலியாவுக்குப் போன கதையைப் பார்த்தால் அந்தக் கணக்கில் பாதிதான் இருக்கிறது என்று தெரிகிறது. வரி போன பிறகும் பத்து வருடத்துக்கு மேல் இந்த டிரக்குகள் பெரிய அளவில் வரவில்லை. கதவைத் திறந்து வைத்தும் விருந்தாளி வராத கதை! காரணம் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஞாயிறு தேவாலயம், திங்கள் சந்தை

பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி ஆஸ்திரேலியாவுக்குப் புதிதல்ல. 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தம் ஆட்டிப்படைத்த நேரத்தில், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போய்வரவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டி வேண்டும் என்பது கோரிக்கை. அந்தக் காலத்தில் விவசாயி கார் வாங்க வங்கிகள் கடன் தர மாட்டா. தொழிலுக்கான வண்டி என்றால்தான் பணம் கிடைக்கும். ஆக, இது வசதிக்கான கோரிக்கை மட்டுமல்ல, கடன் வாங்குவதற்கான வழியும்கூட.

ஜீலாங் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்த லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், காரின் முன்பகுதியையும் சரக்குத் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்து வரைந்தார். 1934ல் அது விற்பனைக்கு வந்தது. 'கூப் யுடிலிட்டி' என்ற பெயர் மக்கள் வாயில் சுருங்கி 'யூட்' ஆனது. 1951ல் ஹோல்டன் நிறுவனமும் தன் யூட்டைக் கொண்டுவந்தது. பண்ணை, கட்டட வேலை, பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று உழைக்கிற ஆஸ்திரேலியரின் அடையாளமாகவே அது மாறிப்போனது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலிய யூட் என்பது தொட்டி வைத்த கார். அமெரிக்க பிக்கப் என்பது ஏணி மாதிரியான கனத்த இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரும் லாரி. ஃபோர்டின் 'எஃப்' வரிசை 1948ல் தொடங்கியது. பிற்பாடு அந்த வரிசையில் வந்த எஃப்-150, அதன் போட்டியாளர்களான செவர்லே சில்வரடோ, ராம் 1500 ஆகியவற்றைத்தான் 'முழு அளவு' பிக்கப் என்கிறார்கள். கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம், கண்ணாடிகளைச் சேர்க்காமலே இரண்டு மீட்டருக்கு மேல் அகலம்.

கனடா வழியாக வந்த அமெரிக்கா

அமெரிக்கா சாலையின் வலதுபுறம் ஓட்டும் நாடு. ஆஸ்திரேலியா இடதுபுறம். அப்படியானால் 1920களிலேயே ஃபோர்டு எப்படி ஆஸ்திரேலியாவில் கொடி நாட்டியது?

வழி கனடாவில் இருந்தது. பிரிட்டிஷ் பேரரசுக்கு உட்பட்ட நாடுகள் தங்களுக்குள் குறைந்த வரி வைத்துக்கொண்டன. அமெரிக்காவில் செய்த காருக்கு அந்தச் சலுகை கிடையாது, கனடாவில் செய்ததற்கு உண்டு. எனவே பிரிட்டன் தவிர்த்த பேரரசு நாடுகளுக்கான உரிமை ஃபோர்டின் கனடா நிறுவனத்திடம் இருந்தது. 1925ல் ஜீலாங்கில் ஒரு பழைய கம்பளிக் கிடங்கில் தொடங்கிய ஃபோர்டு ஆஸ்திரேலியா, அந்தக் கனடா நிறுவனத்தின் பிள்ளைதான். பேரரசு நாடுகள் பலவும் இடதுபுறம் ஓட்டியதால், வலதுபுற ஸ்டியரிங் வைத்த வண்டிகளுக்கு ஒரு பெரிய சந்தை ஒன்றாகக் கிடைத்தது. எண்ணிக்கை இருந்ததால் ஸ்டியரிங்கை மாற்றி வைப்பது கட்டுப்படியாகும் காரியமாக இருந்தது.

இந்த 'எண்ணிக்கை' என்ற வார்த்தையை மறக்க வேண்டாம். கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

உலகப்போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா தன் கார் தொழிலைக் காப்பாற்ற உயரமான வரிச் சுவர் எழுப்பியது. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் வரி அதிகம். பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளூரில் பூட்டினால் குறைவு. எஃப்-100 போன்ற பெரிய டிரக்குகளும் இப்படித்தான் வலதுபுற ஸ்டியரிங்குடன் ஆஸ்திரேலியாவிலேயே பூட்டி விற்கப்பட்டன. 1980களின் மத்தியில் கார்களுக்கான இறக்குமதி வரி 57.5 சதவீதம், அதற்கு மேல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு வேறு!

இவ்வளவு பாதுகாப்புக்குள் இருந்த தொழிற்சாலைகள் சின்னச் சின்ன எண்ணிக்கையில் ஏகப்பட்ட மாடல்களைச் செய்துகொண்டிருந்தன. ஹாக் அரசின் தொழில்துறை அமைச்சர் ஜான் பட்டன் 1984ல் ஒரு திட்டம் அறிவித்தார். மாடல்களைக் குறை, எண்ணிக்கையைக் கூட்டு, வரியைப் படிப்படியாக இறக்கு என்பது சுருக்கம். 1988ல் அளவுக் கட்டுப்பாடு போனது, வரி 45 சதவீதம் ஆனது. 2000ல் 15, 2005ல் 10, 2010ல் 5 சதவீதம். இந்த மாற்றங்களுக்கு நடுவே, உள்ளூரில் எஃப் வரிசை டிரக் பூட்டும் வேலையும் 1990களின் தொடக்கத்தில் நின்றது.

நடுவில் ஒரு கோழிச் சண்டை

இதே காலத்தில் அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் தலையெழுத்தை மாற்றியது எது தெரியுமா? கோழி!

போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிராய்லர் கோழி வளர்ப்பு பெரிய தொழிலாகி, மலிவான கோழிக்கறி மேற்கு ஜெர்மனியில் குவிந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1962ல் தன் விவசாயக் கொள்கைப்படி இறக்குமதிக் கோழிக்கு வரியை ஏற்றியது. அமெரிக்கா கொதித்தது. கோழிப் பண்ணைகள் நிறைந்த ஆர்கன்சா மாநிலத்தின் செனட்டர் ஃபுல்பிரைட், நேட்டோ அணு ஆயுத விவாதத்துக்கு நடுவே கோழிப் பிரச்னையைக் கிளப்பினார். வழக்கு காட் அமைப்பின் குழுவுக்குப் போய், அமெரிக்காவுக்கு ஏற்பட்ட இழப்பு 2.6 கோடி டாலர் என்று முடிவானது.

அந்த அளவுக்குப் பதிலடி கொடுக்க, 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் நான்கு பொருள்களுக்கு வரி போட்டார். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், விலை உயர்ந்த பிராந்தி, டிரக். டிரக்குக்கு 25 சதவீதம். குறி வைத்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேன், பிக்கப்புகளை. ஆனால் காட் விதிப்படி வரி எல்லா நாட்டுக்கும் பொது என்பதால், பின்னால் வந்த ஜப்பான் டிரக்குகளும் இதில் மாட்டிக்கொண்டன. மற்ற மூன்று வரிகளும் காலப்போக்கில் போய்விட்டன. கோழிக்காகப் போட்ட டிரக் வரி அறுபது வருடங்களைத் தாண்டி நின்றது.

விளைவு? சாதாரண கார் விஷயத்தில் ஜப்பானோடும் ஜெர்மனியோடும் மோத வேண்டியிருந்த டெட்ராய்ட் நிறுவனங்கள், பெரிய பிக்கப்பில் நிம்மதியாக லாபம் பார்த்தன. 1975ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டமும் டிரக்குகளுக்குக் காரை விடத் தளர்வான அளவை வைத்தது. நிஸான், டொயோட்டா போன்றவர்கள் வரியைத் தவிர்க்க அமெரிக்காவுக்குள்ளேயே தொழிற்சாலை கட்டினார்கள். 1983ல் டென்னசி மாநிலத்தில் திறந்த நிஸான் ஆலையிலிருந்து வெளியே வந்த முதல் வண்டியே ஒரு பிக்கப்தான்.

இப்படி அமெரிக்க முழு அளவு பிக்கப், அமெரிக்கச் சாலை, அமெரிக்கப் பெட்ரோல் விலை, அமெரிக்க வாடிக்கையாளர் என்று ஒரே சந்தைக்காக வளர்ந்தது. வீட்டிலேயே இவ்வளவு விற்கும்போது வெளியூரைப் பற்றிக் கவலை எதற்கு? வலதுபுற ஸ்டியரிங் வைத்துச் செய்ய யாருக்கும் அவசியம் வரவில்லை.

ஒரே நாளில் திறந்த இரண்டு கதவுகள்

2005 ஜனவரி 1. ஆஸ்திரேலிய வணிக வரலாற்றில் சுவாரஸ்யமான நாள். அன்று இரண்டு தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் அமலுக்கு வந்தன. ஒன்று அமெரிக்காவோடு. இன்னொன்று தாய்லாந்தோடு.

அமெரிக்க ஒப்பந்தத்தைப் பற்றித்தான் நாடெங்கும் பேச்சு. அதில் ஒரு பெரிய வெற்றியாகச் சொல்லப்பட்டது, ஆஸ்திரேலிய யூட்டுகளுக்கு அமெரிக்கா தன் 25 சதவீதக் கோழி வரியை முதல் நாளிலேயே நீக்கியது. ஃபோர்டும் ஹோல்டனும் இனி அமெரிக்காவுக்கு யூட் ஏற்றுமதி செய்யலாம் என்று கனவு கண்டார்கள். 2008ல் ஜெனரல் மோட்டார்ஸ் உண்மையிலேயே அறிவித்தது: ஹோல்டன் யூட், இடதுபுற ஸ்டியரிங்குடன், 'போன்டியாக் ஜி8 எஸ்டி' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கப்படும். ஆனால் அந்த வருடமே நிதி நெருக்கடி வெடித்தது. 2009 தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. சில மாதங்களில் போன்டியாக் பிராண்டையே மூடுவதாக அறிவித்தார்கள், ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தது. ஒரு யூட்கூட அமெரிக்க ஷோரூமுக்குப் போய்ச் சேரவில்லை.

எதிர்த் திசையில்? எஃப்-250, எஃப்-350 டிரக்குகளை ஃபோர்டு ஆஸ்திரேலியா 2001 முதல் விற்றுக்கொண்டிருந்தது. அவை வந்தது அமெரிக்காவிலிருந்து அல்ல, பிரேசிலிலிருந்து! அங்கே வலதுபுற ஸ்டியரிங் வைத்துக் கொடுக்க ஏற்பாடு இருந்தது. 2006ல் அதுவும் நின்றது. அமெரிக்காவோடு ஒப்பந்தம் வந்து ஒரு வருடம் முடிந்த நிலையில், ஆஸ்திரேலிய ஷோரூமில் முழு அளவு ஃபோர்டு பிக்கப் இல்லாமல் போனது.

பேச்சே இல்லாத தாய்லாந்து ஒப்பந்தம்தான் சந்தையைப் புரட்டிப்போட்டது. தாய்லாந்து சாலையின் இடதுபுறம் ஓட்டும் நாடு. பல வருடங்களாக ஜப்பான் நிறுவனங்கள் ஒரு டன் பிக்கப்புகளை அங்கே பெரும் எண்ணிக்கையில் செய்துவந்தன. ஸ்டியரிங் ஏற்கெனவே சரியான பக்கத்தில் இருந்தது. வரியும் போனதும் ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் எல்லாம் வரிசையாகக் கப்பல் ஏறின. பதிலுக்கு ஆஸ்திரேலியாவின் பெரிய எஞ்சின் கார்கள் தாய்லாந்துக்குப் போக முடியவில்லை. சுங்கவரி போனாலும், எஞ்சின் அளவைப் பொறுத்து ஏறும் உள்நாட்டுக் கலால் வரி அங்கே காத்திருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. 2011ல் வந்த ஃபோர்டு ரேஞ்சரை வடிவமைத்து உருவாக்கியது ஆஸ்திரேலியப் பொறியாளர்கள். செய்தது தாய்லாந்து. 2016ல் டொயோட்டா ஹைலக்ஸ் ஆஸ்திரேலியாவின் அதிகம் விற்ற வாகனம் ஆனது. கார் வகையைச் சேராத ஒரு வண்டி அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

இரண்டு ஒப்பந்தமும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில் கப்பல் கப்பலாகப் பொருள் வந்தது, இன்னொன்றில் பெரிதாக எதுவும் நகரவில்லை. வித்தியாசம் வரியில் இல்லை, ஸ்டியரிங்கில் இருந்தது.

இரண்டடி நகர்த்த எவ்வளவு வேலை?

பொதுச் சாலையில் ஓடும் புது வண்டிக்கு வலதுபுற ஸ்டியரிங் வேண்டும் என்பது ஆஸ்திரேலிய விதி. பெரும்பாலான மாநிலங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பழைய வண்டிக்குத்தான் விலக்கு. 1989ல் வந்த வாகனத் தரச் சட்டமும், அதற்குப் பதிலாக 2018ல் இயற்றப்பட்ட புதுச் சட்டமும் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தன.

ஸ்டியரிங்கை நகர்த்துவது என்றால் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டியரிங் தண்டு எஞ்சின் அறைக்குள் போகிற வழி மாற வேண்டும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் துளைகள் மாற வேண்டும். பிரேக் பெடலும் அதன் பூஸ்டரும் வலது பக்கம் வர வேண்டும். ஏசி குழாய்கள், ஒயர் கட்டுகள், மொத்த டாஷ்போர்டு எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்ப வேண்டும். வைப்பர் துடைக்கும் திசை, ஹெட்லைட் வெளிச்சம் சாயும் பக்கம், பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாமே மாற்றம். ஏர்பேக் இடம் மாறுவதால், விபத்தில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் மறுபடி நிரூபிக்க வேண்டும்.

குவீன்ஸ்லாந்தின் ஜிம்பி போன்ற ஊர்களில் சில பட்டறைகள் பல வருடங்களாக இந்த வேலையைச் சிறிய அளவில் செய்துவந்தன. ஆர்டர் கொடுத்து, காத்திருந்து, பெரும் பணம் கொடுத்து வாங்கினவர்கள் பெரும்பாலும் குதிரை வண்டி, படகு, பெரிய கேரவன் இழுக்கிறவர்கள்தான்.

செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். சுங்கவரி வண்டியின் மதிப்பில் ஒரு சதவீதம். பத்து வண்டிக்கும் பத்தாயிரம் வண்டிக்கும் ஒரே விகிதம்தான். ஸ்டியரிங் மாற்றும் செலவு அப்படி இல்லை. டாஷ்போர்டு வார்க்க அச்சு செய்வது, பாகங்களை வடிவமைப்பது, சோதனைக்காக வண்டிகளை மோத விடுவது எல்லாம் முன்கூட்டியே செய்யும் நிலையான செலவு. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒவ்வொரு வண்டியின் தலையிலும் பெரும் பாரம் விழும். எந்த ஒப்பந்தத்தாலும் கையெழுத்துப் போட்டு இதை நீக்க முடியாது.

கடைசி ஹோல்டனும் முதல் சில்வரடோவும்

அப்படியானால் 2015ல் மட்டும் எப்படிச் சாத்தியமானது?

ஆஸ்திரேலியக் கார் தொழில் அப்போது சாகக் கிடந்தது. மூன்று பெரிய உற்பத்தியாளர்களும் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். ஃபோர்டு 2016 அக்டோபரில் மூடியது. டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரில், சில நாள் இடைவெளியில் மூடின. 1934ல் யூட்டைக் கண்டுபிடித்த நாட்டில் இனி யூட் செய்ய ஒரு தொழிற்சாலைகூட இல்லை.

ஆனால் அந்தத் தொழிலைச் சுற்றி வளர்ந்த ஆட்களும் அறிவும் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. 1987 முதல் ஹோல்டன் கார்களை வேகப் பதிப்புகளாக மாற்றி விற்றுவந்த எச்எஸ்வி நிறுவனமும், அதன் உரிமையாளரான வாக்கின்ஷா குழுமமும் மெல்பர்னில் இருந்தன. மாற்றுவதற்கு உள்ளூர்க் கார் இல்லாமல் போகப்போகிறது. கையில் இருப்பது பொறியாளர்கள், பூட்டும் வரிசை, பாகங்கள் செய்து தரும் சிறு நிறுவனங்கள். வாக்கின்ஷா குழுமம், அடெகோ என்ற இறக்குமதியாளரோடு சேர்ந்து 2015ல் ராம் டிரக்குகளை மாற்றும் வேலையில் இறங்கியது. 2018ல் ராம் 1500 வந்தது. அதே வருடம் எச்எஸ்வி பெயரில் சில்வரடோவும் வந்தது.

பட்டறையில் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கைதான். அசல் நிறுவனத்தின் சம்மதம், தொழிற்சாலை வரிசை, அச்சில் வார்த்த டாஷ்போர்டு, நாடு முழுக்க டீலர், உத்தரவாதம். நிலையான செலவு பல ஆயிரம் வண்டிகள் மேல் பரவியது.

2020 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டன் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. வலதுபுற ஸ்டியரிங் சந்தைகள் சிறியவை, சிதறியவை, முதலீட்டுக்கு ஏற்ற வருமானம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே நிறுவனத்தின் சில்வரடோவோ மெல்பர்னில் வலதுபுற ஸ்டியரிங்குக்கு மாறி விற்றுக்கொண்டிருந்தது! 2023ல் ஃபோர்டு எஃப்-150 தாய்லாந்தைச் சேர்ந்த ஆர்எம்ஏ நிறுவனத்தின் மெல்பர்ன் ஆலையில் மாற்றப்பட்டு விற்பனைக்கு வந்தது. டெக்சாஸில் செய்யப்படும் டொயோட்டா டன்ட்ரா, சோதனை ஓட்டத்துக்குப் பிறகு 2024 இறுதியில் ஷோரூமுக்கு வந்தது. அதை மாற்றியதும் வாக்கின்ஷாதான்.

வாங்குபவர் யார்? வரி என்ன சொல்கிறது?

ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலை. இருந்தும் வாங்க ஆள் இருந்தது. முதல் காரணம் இழுவை. ஹைலக்ஸ், ரேஞ்சர் வகை வண்டிகள் 3.5 டன் வரை இழுக்கும். அமெரிக்க டிரக்குகள் 4.5 டன். பணி ஓய்வு பெற்று, பெரிய கேரவனை மாட்டிக்கொண்டு கண்டத்தையே சுற்றி வரும் தம்பதிகள் அங்கே ஏராளம். அவர்களுக்கு அந்த ஒரு டன் வித்தியாசம் முக்கியம். சாதாரணக் கார் லைசென்சில் ஓட்ட, வண்டியின் மொத்த எடை வரம்பு 4.5 டன். ராம் 2500 போன்ற கனத்த மாடல்களுக்கு அந்த வரம்புக்கு ஐந்து கிலோ கீழே, 4,495 கிலோ என்று சான்று வாங்கியதைக் கவனித்தால் கணக்கு புரியும்.

இரண்டாவது காரணம் வரிச் சட்டம். 2000 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கூடவே சொகுசுக் கார் வரியும் வந்தது. 2008ல் அது 33 சதவீதம் ஆனது. குறிப்பிட்ட விலைக்கு மேல் உள்ள காருக்கு இந்த வரி உண்டு. முக்கியமாகச் சரக்கு ஏற்றுவதற்காக வடிவமைத்த வண்டிக்குக் கிடையாது. ஆக, தோல் இருக்கையும் பெரிய திரையும் வைத்த டிரக் சட்டத்தின் கண்ணில் சரக்கு வண்டி. அதே விலையுள்ள கார் சொகுசு. இதற்கு மேல், கோவிட் காலத்தில் 2020 அக்டோபர் முதல் 2023 ஜூன் வரை, தகுதியுள்ள தொழில் சொத்துகளின் விலையை ஆண்டுக்கு ஆண்டு தேய்மானமாகப் பிரிக்காமல் ஒரே வருடத்தில் முழுச் செலவாகக் கழித்துக்கொள்ளவும் அரசு அனுமதித்தது. தொழில் செய்பவர்களுக்கு டிரக் வாங்க அது நல்ல நேரம்.

1930களில் வங்கிக் கடனுக்காகத் 'தொழில் வண்டி' வேடம் போட்டது யூட். எண்பது வருடம் கழித்து வரிக்காக அதே வேடம்!

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியத் தர அளவுப்படி கார் நிறுத்தும் இடத்தின் நீளம் 5.4 மீட்டர். இந்த டிரக்குகள் 5.9 மீட்டரைத் தொடுகின்றன. நிறுத்துமிடத்தையே நீட்டலாமா என்று 2023ல் ஒரு யோசனை வர, வண்டிக்காக ஊரை மாற்றுவதா என்று பலர் கோபப்பட்டார்கள். உயரமான முன்பகுதி நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து என்ற கவலையும் உண்டு. பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், தாழ்வாகச் சரிந்த முன்பகுதி உள்ள வண்டிகளைவிட, மோதும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று 2023ல் கண்டறிந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஆஸ்திரேலியா புகை வெளியீட்டுத் தரத்தைக் கொண்டுவந்தது. இலகு சரக்கு வாகனங்களுக்கு அந்த வருடத்தின் சராசரி இலக்கு கிலோமீட்டருக்கு 210 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 2029ல் அது 110 கிராமாக இறங்கும். பெரிய எஞ்சின் டிரக்குகளுக்கு இது எளிதான பரீட்சை இல்லை.

லாபமா நட்டமா?

கணக்கை முடித்துப் பார்ப்போம். வரிச் சுவர் உயரமாக இருந்தபோது ஆஸ்திரேலியாவுக்குத் தொழிற்சாலைகள் இருந்தன, ஆனால் எண்ணிக்கை சிறுத்து, விலை பெருத்திருந்தது. சுவர் இடிந்தபோது நல்ல வண்டிகள் மலிவாக வந்தன, தொழிற்சாலைகள் போயின. தங்கள் யூட்டை அமெரிக்காவுக்கு அனுப்ப நினைத்தவர்கள் கடைசியில் அமெரிக்க டிரக்கைப் பிரித்துப் பூட்டும் இடத்துக்கு வந்து நின்றார்கள்.

இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு வண்டியை முழுசாகப் பிரித்து, திருப்பி, அசல் தரத்தில் பூட்டிக் கொடுக்க, வண்டி செய்யத் தெரிந்த ஊரால்தான் முடியும். மெல்பர்னில் எண்பது, தொண்ணூறு வருடங்களாகச் சேர்ந்த கைத்திறன் அது. ஆனால் அந்தத் திறன் இப்போது நிற்பது வேறொருவர் முடிவின் மேல். டெட்ராய்டில் யாராவது ஒருநாள் தொழிற்சாலையிலேயே வலதுபுற ஸ்டியரிங் வைக்கலாம் என்று தீர்மானித்தால், இந்த வேலைக்கு அவசியமே இருக்காது.

சுங்கவரியை எழுத்தில் போட்டு எழுத்தில் எடுத்துவிடலாம். எந்தப் பக்கம் ஓட்டுவது, எவ்வளவு அகலச் சாலை போடுவது, எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதையெல்லாம் அப்படி எடுக்க முடியாது. ஒப்பந்தங்களைப் பற்றிச் செய்தி வரும்போது எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காமல், ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்றும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.